பொட்டு வைத்த ஷட்டர்

என் அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது. முகமெல்லாம் குழி. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில் அடையாள அட்டைக்காகத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் எல்லாரையும் வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு குழி விடாமல் விழுந்திருந்தது. "இதான் நான்னா, எனக்கு இனிமே படமே வேணாம்டி" என்றாள். அதற்குப் பிறகு அரசாங்கம் கேட்டால் தவிர அவள் கேமரா முன்னால் நின்றதில்லை. என் கல்யாணப் படத்தில்கூட அவளைக் காணோம். கேமராவைக் கண்டதும் அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் மலாயில் மெர்டேக்கா, விடுதலை என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். செங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அத்தானுக்கு மட்டும் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று பிடிவாதம். கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டார். போனால் அக்கா திரும்பி வரமாட்டாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்கு அவள் முகம் வேண்டியிருந்தது, காகிதத்திலாவது. கெஞ்சினேன், சண்டை போட்டேன். கடைசியில் இறங்கி வந்தாள்.

"வெயில்ல நிக்கமாட்டேன். ஸ்டூடியோ லைட்டும் வேணாம். ஒன் வீட்டுக்குள்ள, சன்னல் ஓரமான்னா உக்கார்றேன்."

காஜா பேராங்கில் எங்கள் பலகை வீடு பகலிலேயே இருட்டு. என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனிப் பட்டறையில் பிட்டர். நாட்டை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய மடக்குக் கேமரா அவரிடம் இருந்தது. அதன் ஷட்டர் கண் சிமிட்டும் நேரத்துக்குமேல் திறந்திருக்காது. வெயிலில் எடுக்க அது போதும். எங்கள் வீட்டு இருட்டில் முகம் விழ வேண்டுமானால் இரண்டு வினாடியாவது திறந்திருக்க வேண்டும்.

"அத மாத்திப்புடலாம்லா" என்றார். இதே வார்த்தையைச் சொல்லித்தான் என் தையல் மிஷினைப் பிரித்தார். அது ஒரு மாதம் சட்டியில் கிடந்தது. ஆனாலும் சரியென்றேன். வேறு வழி?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து உட்கார்ந்தார். ஷட்டருக்குள்ளே மெல்லிய கறுப்பு இதழ்கள். ஒரு வளையம் சுழன்றால் அவை திறக்கும். ஸ்பிரிங் இழுத்தால் மூடிக்கொள்ளும். விசையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்த வளையத்தைத் திரும்ப விடாமல் பிடித்துவைக்க ஒரு கொக்கி வேண்டும். பித்தளைத் தகட்டை நகத்தைவிடச் சின்னதாக வெட்டி அரத்தால் தேய்த்தார். முதல் கொக்கி தடித்துப்போயிற்று, இரண்டாவது ஒடிந்தது, மூன்றாவது எங்கே தெறித்து விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. நான்காவது உட்கார்ந்தது. கேமராவின் முதுகைத் திறந்து என்னைப் பார்க்கச் சொன்னார். அழுத்தினார், உள்ளே வட்டமாக வெளிச்சம். விரலை எடுத்தார், இருட்டு. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி எண்ணி இருவரும் விளையாடினோம். அன்று அந்த மனுஷரை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. அவருடைய ஸ்பேனர், சுத்தியல், சைக்கிள், என் கத்தரிக்கோல், தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். எது வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கேமராவுக்கு எங்கே வைப்பது? மூன்று வாரம் இவர் உயிரை விட்டது அந்த விசைக்காகத்தானே! சந்தனத்தைக் கெட்டியாகக் குழைக்க எனக்குப் பொறுமை கிடையாது. தண்ணியாகவே குழைத்து, விசையின் தலையில் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. தொடவும் இல்லை.

மறுநாள் காலை அக்கா வந்தாள். அத்தான் தெங்கேராவில் சொல்லிக்கொள்ள வேண்டியவர்களிடம் சொல்லிக்கொண்டு மத்தியானம் வந்து கூட்டிப்போவார். அன்றைக்கே பயணம். சன்னல் ஓரத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். தையல் மிஷின் மேல் கேமராவை வைத்து, "அசையாதீங்க" என்று அழுத்தினார். ஒண்ணு, ரெண்டு. விரலை எடுத்தார். விசை மேலே வரவில்லை.

குனிந்து பார்த்தார். இடுக்கு வழியாக உள்ளே இறங்கிய சந்தனம் காய்ந்து கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதுலயா பொட்டு வச்ச?"

"எல்லாத்துக்கும் வைக்கிறதுதானே?"

"சாமி கும்பிட்டே ரோசாக் ஆக்கிட்டியேம்மா, கெடுத்துப்புட்டியே! இத பிரிச்சுக் கழுவ அரை நாளாவுமே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போயிற்று. அரை நாளுக்கு எங்கே போவேன்? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இனி அக்கா எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். என் பவுடர் டப்பாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, அது தெறந்துதானே நிக்குது? நீங்க இத வச்சு மூடுங்க. மூடி இல்லாத சட்டிய நாங்க தட்டு வச்சு மூடறதில்லையா?"

இவர் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு அதனால் கேமராவின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு பிலிமைச் சுற்றினார். நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். மூடியை எடுத்தார். "ஒண்ணு..." பக்கத்தில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. தாங்கவில்லை, திரும்பி அவளைப் பார்த்துவிட்டேன். "ரெண்டு." மூடிவிட்டார்.

அவர்கள் கப்பலேறிய பிறகுதான் படம் கழுவி வந்தது. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததில், அடையாள அட்டையில் இருந்ததைவிடக் குழிகள் தெளிவாக இருந்தன. அக்கா துளிகூட அசையவில்லை. எவ்வளவு அழகாக இருந்தாள்! பக்கத்தில் நான் இருக்க வேண்டிய இடத்தில் சேலை இருந்தது, அதற்கு மேல், நான் தலையைத் திருப்பியதில், முகம் கலைந்து வெறும் புகை. இதைப் பார்த்தால் கிழித்துப் போடுவாளோ என்று பயந்து பத்து நாள் வைத்திருந்தேன். பிறகு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கற்ற கோணல் எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்.

"படம் வந்துச்சு. என் மூஞ்சியத்தான் தெனம் கண்ணாடியில பாக்குறேனே, அதுக்கா அன்னிக்கு மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன்? இதுல நீ எங்கடி?"