நாள் தாண்டாத பிள்ளை

எங்கள் கம்பெனியில் கர்ப்பமான பெண்ணுக்கு ஆறு மாதம் முடிந்தால்தான் உட்கார ஸ்டூல் தருவார்கள். அதுவரை லைனில் எல்லோரையும் போல ஷிஃப்ட் முழுக்க நின்றே ஆகவேண்டும். தெற்கிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இதெல்லாம் ஒரு விஷயமாகவே தெரியவில்லை. இங்கேயே படப்பையில் வாழ்க்கைப்பட்டு, வயிற்றில் ஒன்று வந்து, கால் இரண்டும் வீங்கி ஷூவுக்குள் நுழையாமல் போனபோதுதான் தெரிந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஆறு மாசம் ஆவட்டும்மா, ரூல்ஸ் அப்டி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதனால் தேதியை மாற்றினேன். கடைசியாக மாதவிலக்கான நாளை இரண்டு வாரம் முந்தியதாகக் கம்பெனி மருத்துவ அறையில் சொன்னேன். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டுமே என்று ஆஸ்பத்திரி கார்டிலும் அதையே எழுதவைத்தேன். ஷிஃப்டை விட்டுப் போக முடியாமல் முதல் ஸ்கேனே ஆறாம் மாதத்தில்தான் எடுத்தேன். "கொழந்த ரெண்டு வாரம் சின்னதா இருக்கு, நல்லா சாப்பிடு" என்றார் டாக்டரம்மா. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஸ்டூல் கிடைத்தது. என்னைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

கார்டில் எழுதிய நாள் வந்தது, போனது. வலி வரவில்லை. எப்படி வரும்? "இன்னாம்மா, நாள் தாண்டிப்போச்சு, இன்னும் ஒண்ணும் காணோமே?" என்று மாமியார் தினமும் கேட்டார். நாலாம் நாள் படப்பையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"செக் பண்றேன், கால மடக்கி வெச்சிக்கோ" என்றார் டாக்டரம்மா. அது செக் இல்லை. விரலை உள்ளே விட்டு, கர்ப்பப்பை வாய்க்குள் சுற்றி வழித்தார். உயிர் போய் வந்தது. "இதுக்கே கத்தினா எப்படிப் பெத்துக்குவ?" என்றார். அவர் போன பிறகுதான் நர்ஸ் சொன்னாள். "ஸ்வீப்பிங் பண்ணிகிறாங்க. பனிக்குடத்த ஒட்டுன எடத்துலருந்து லேசா பிரிச்சு வுட்டா தானா வலி வந்துடும்." செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துணியில் கொஞ்சம் ரத்தம் பட்டது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வரச்சொன்னார்கள், போனோம். இன்னொரு தடவை வழித்துவிட்டு, ட்ரிப் ஏற்றி வலி வரவைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. மாமியார் டீ வாங்கப் போன நேரம் பார்த்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நா தேதிய மாத்திச் சொல்லிட்டேன். இன்னும் நாளு கெடக்கு. விட்ருங்கக்கா."

அவள் சிரித்தாள். "வலிக்குப் பயந்துகினு எல்லாரும் இப்டித்தாம்மா கத வுடுவாங்க. போய்ப் படு."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். டாக்டரம்மாவிடமே சொல்லியிருக்கலாம். அதற்குள் மாமியார் டீயோடு வந்துவிட்டார். பொய்த்தேதி என்று கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நினைப்பும் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஏறிப் படுத்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. உடம்பெல்லாம் வெள்ளையாக மாவு அப்பியிருந்தது, தோளில் பூனைமுடி. அதே நர்ஸ்தான் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "நாள் தாண்டுன புள்ளைக்கு இவ்ளோ மாவு இருக்காதே" என்று மெதுவாகச் சொன்னாள். குழந்தைக்கு மூச்சு வாங்கியது. இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கார்டில் 'நாள் கடந்த கர்ப்பம்' என்று எழுதியிருந்ததை யாரும் திருத்தவில்லை.

பிழைத்துக்கொண்டாள். இப்போது வயது ஐந்து. காலையில் எழுந்திருக்கக் கொஞ்சம் சுணங்கினால் போதும், மாமியார் ஆரம்பித்துவிடுவார். "வயித்துலயே சோம்பேறி இது. வெளிய வரமாட்டேன்னு அடம்புடிச்சுது, புடிச்சி இழுத்துத்தான் போட்டாங்க." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் தலை வாரிவிடும்போது மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, நான் நெஜமாவே வரமாட்டேன்னு சொன்னனா?"

பக்கத்தில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.