வலப்பக்கம் சாயும் ஜினதாசன்

வலது கால்மிதி தார்ச்சாலையில் உரசிக் கிறீச்சிட்டால்தான் ஜினதாசனுக்குத் திருப்பம் முடிந்ததாக அர்த்தம். பொழுது விடியும் நேரத்தில், பக்தர்கள் சேர்வதற்கு முன், அவருடைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் அண்ணாமலையைச் சுற்றி வருகிறது. ரமணாசிரமத்து மயில்கள் அதன் சத்தத்துக்கு எதிர்க்குரல் கொடுக்கின்றன. நிறுத்தி வைத்த வண்டியைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். வலது மிதியின் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு பல்லிளிக்கிறது; இடது மிதி கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. டயரும் அப்படித்தான், ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் புத்தம் புதிது.

பஞ்சர் ஒட்டும் ராஜமாணிக்கம் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "என்னா நயினாரே, பாதி டயர்லதான் ஓட்றீங்களா? மீதிய எனக்குக் குடுத்துடுங்களேன்."

மலையை வலம்தான் வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். பாதையும் வலப்பக்கமே வளைந்துகொண்டு போகும். ஜினதாசன் வேகம் பழகிய ஒரே சாலை அதுதான். மற்ற சாலைகளில் குழியும் கட்டை வண்டியும் போக மிச்சமிருப்பதில் வேகத்துக்கு இடமில்லை.

வேகம் அவருக்குத் தொழில் தந்த பழக்கம். கீழ்பென்னாத்தூர் மாட்டாஸ்பத்திரியில் வேலை. சுற்றுவட்ட மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் உயர்ஜாதிக் காளையின் விந்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பறக்கிறார். "மாடு கத்த ஆரம்பிச்சா அதுக்குன்னு ஒரு டைம் கீது சார். நாம லேட்டா போனா அடுத்த வாட்டி வரைக்கும் அது நம்மளத் திட்டிக்கினே இருக்கும்" என்பார். வண்டிச் சத்தம் கேட்டதும், "பைக் காளை வந்துடுச்சி, மாட்டப் புடிங்க!" என்று பெண்கள் குரல் கொடுப்பார்கள். அந்தப் பெயரில் அவருக்கு வெட்கமில்லை. பட்டம் வாங்கியவர்போல மீசையைத் தடவிக்கொள்வார்.

ஊசி போடும்போது அவரைப் பார்க்க வேண்டும். இடது கை சோப்பு நுரையோடு தோள்வரை மாட்டுக்குள் போய்விடும். இடது தோள் இறங்கும், முகம் வால் அடிக்காத பக்கமாகத் திரும்பும், கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் யார் பேசினாலும் காதில் விழாது.

அவர் சமணர்; நயினார் என்பது அவர்கள் பட்டம். அந்த மலையில் அவருக்குச் சாமி இல்லை. "அப்புறம் எதற்கு ஐயா வலம்? ஒருநாள் திருப்பி ஓட்டிப் பாரும்" என்று ஒருமுறை அவருடைய நண்பனான நான் சொல்லி, அவரும் ஓட்டிப் பார்த்தார். மறுவாரம் கீழ்பென்னாத்தூரில் அப்பாதுரை என்பவர் கொட்டில் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "எதிர் சுத்து சுத்துன கையால என் மாட்டுக்கு ஊசி வேணாங்க. சாவுக்குத்தான் எதிர் சுத்து." மாடு ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை, அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஆறறிவுள்ளவர்தான் மறித்தார். பிழைப்பு போய்விடும் என்று ஜினதாசன் அன்றோடு அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டார். பெரும்பான்மையின் மூடநம்பிக்கைக்கு வரி கட்டுவது எப்போதும் அதை நம்பாதவன்தான்.

இந்த வலப்பக்க வீரர்தான் போன மாதம் ஒரு சனி, ஞாயிறு சோழவரம் போனார். யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில், சென்னை மோட்டார் சைக்கிள் பிரியர்கள் இரண்டு நாள் ஓட்டப் பயிற்சி வைத்திருந்தார்கள். ஞாயிறு காலையில், பாதையை விட்டு இறங்காமல் ஐந்து சுற்று முடிப்பவர்கள் அடுத்த பந்தயத்தில் ஓடலாம். மனைவி குசுமாவதி முன்பே நிபந்தனை போட்டிருந்தார்: "இந்த ஒரு வாட்டிதான். தேறலன்னா வண்டி மாட்டாஸ்பத்திரிக்கு மட்டும்தான். வேகம் கீகம்னு பேச்சே எடுக்கக்கூடாது." ஜினதாசன் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். சாட்சிக்குக் குசுமாவதியும் தூக்குச் சட்டியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பஸ்ஸில் போனேன்.

வாசலில் நின்றவன் ஜினதாசனின் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்லாம் அந்தாண்ட" என்றான். சவாரிக்காரர்களுக்குப் பந்தலும் ஐஸ் தண்ணீரும்; மெக்கானிக்குகளுக்கு வெயிலும் ஒரு மண்பானையும். டீக்கடை இரட்டைக் குவளையை மேடைபோட்டுத் திட்டுகிறோம். இங்கே இரட்டைப் பானைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் சண்டைக்குப் போய்த் திரும்புவதற்குள், சீமை வண்டி வைத்திருந்த ஒரு பணக்கார வாலிபன் ஜினதாசனிடம் சாவியை நீட்டி, பிளக்கைத் துடைக்கச் சொல்லியிருந்தான்.

"துடைத்துக் கொடுத்தீரா?" என்று கேட்டேன்.

"குடுத்தேன். குடுத்துட்டு, சரியா ஓடுதான்னு பாக்கறேன்னு பந்தலச் சுத்தி ரெண்டு ரவுண்டும் போய் வந்துட்டேன். இன்னா சார் வண்டி அது! வேற எப்ப சான்ஸ் கெடைக்கும்?"

பயிற்சி ஆரம்பித்தது. வலது திருப்பங்களில் அவர் சாய்ந்த சாய்வைப் பார்த்துப் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பாதையில் ஒரே ஓர் இடது திருப்பம். அதில் வண்டியும் அவரும் கம்பத்தைப்போல நிமிர்ந்து, நேராக வேலிக்காத்தான் புதருக்குள் போனார்கள். அடுத்த முறையும் அதே புதர். மூன்றாம் முறை, பயிற்சியை நடத்திய கோதண்டராமன் ஒலிபெருக்கியில், "யெஸ்டிக்காரரே, ரோடு இந்தப் பக்கம் இருக்கு. அங்க என்ன, யாரையாவது பார்க்க வேண்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

சாயங்காலம், சமண முறைப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜினதாசன் முழங்கையில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். புளிசாதம் இறங்கவில்லை.

"இன்னும் வெளிச்சம் இருக்கிறது" என்றேன். "ஓடுதளம் காலி. எதிர்த் திசையில் சுற்றிப் பாரும். ஒன்று போக எல்லாத் திருப்பமும் இடதாகிவிடும்."

"வேணாம் சார். எதிர் சுத்து... ஊர்ல மாடுங்க..."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கே மலை உண்டா? சாமி உண்டா? நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் மாட்டின் கருப்பைக்கு நீர் எந்தப் பக்கம் திரும்புகிறீர் என்று யார் ஐயா தந்தி அடிப்பார்கள்?"

குசுமாவதி அலட்டிக்கொள்ளவே இல்லை. "அப்பாதுரை மாடு இங்க வந்தா பாக்கப்போவுது? போய் சுத்துங்க" என்றார்.

"சாயவே வரல குசுமா. வலது பக்கம்னா தானா வருது. இடது பக்கம்னா எனக்கு மாடுதான் தெரியும்."

"அப்ப மாடுன்னே நெனச்சிக்கிங்க. என்னா கெட்டுப்போச்சி?"

ஜினதாசன் கடைசி முள்ளைப் பிடுங்கி எறிந்தார். பிறகு எழுந்து போய் வண்டியை உதைத்தார். முதல் சுற்றில் அதே கம்பம். இரண்டாவதில் இடது தோள் மெல்ல இறங்கியது. மூன்றாவதில் முகம் ஒரு பக்கமாகத் திரும்பிற்று, கண்ணுக்குத் தெரியாத வாலுக்கு ஒதுங்குவதுபோல. வண்டி வழுக்கிக்கொண்டு வளைந்தது.

மறுநாள் ஞாயிறு காலையில், தேர்வின் முதல் நான்கு சுற்றும் பிசகில்லாமல் போயின. குசுமாவதி பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில், ஜினதாசனுக்கு முன்னால் போன சீமை வண்டி வாலிபன் இடது திருப்பத்தில் விழுந்ததில், ஓரத்தில் தடுப்புக்கு அடுக்கியிருந்த வைக்கோல் கட்டு பிரிந்து பாதையில் சிதறியது. ஜினதாசன் வேகத்தைக் குறைக்கவில்லை. தோள் இறங்கிற்று, முகம் திரும்பிற்று. பழக்க தோஷம், கண்களும் மூடிக்கொண்டன.

"யோவ், கண்ணத் தொறய்யா!" என்று ஒலிபெருக்கி அலறியது.

திறந்தபோது அவர் வைக்கோலைக் கடந்து, முடிவுக் கோட்டையும் தாண்டியிருந்தார்.

கோதண்டராமன் பந்தலைவிட்டு இறங்கி வந்தார். "தேறிட்டீங்க. எந்த கிளப் நீங்க?"

"கீழ்பென்னாத்தூர் மாட்டாஸ்பத்திரி" என்றார் ஜினதாசன், மீசையைத் தடவிக்கொண்டு.

குசுமாவதி அப்போதுதான் திரும்பினார். கணவரின் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே ஊறியிருந்த வியர்வையை முந்தானையால் துடைத்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சாப்பிடணும்" என்றார். "மெதுவா ஓட்டினா ஆவாது."

கொண்டையில் இருந்த கனகாம்பரத்தை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.