பெலிசிதாஸ் மேம் நோயாளியாகப் படுத்த நாள்

இலோய்லோ நகரத்து நர்சிங் கல்லூரியில் பெலிசிதாஸ் சுமகாய்சாய் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் ரியாத்திலும் டப்ளினிலும் யார் யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னுடையதைப் பார்த்துக்கொள்ள அவருக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை.

செய்முறைத் தேர்வன்று, நோயாளிக்குப் பதிலாகக் கிடத்தும் ரப்பர் பொம்மை கிழிந்திருந்ததால், நெஞ்சுவலி நோயாளியாக அவரே கட்டிலில் படுத்தார். மதியம் பன்றித்தோல் வறுவல் மிதக்க ஒரு கிண்ணம் பட்சோய் நூடுல்ஸ் சாப்பிட்டிருந்தார். முதலில் நடித்தார். வகுப்பின் முதல் மாணவன் ரோம்னிக் உள்ளே வந்தபோது நடிப்புக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

ரோம்னிக் கை கழுவினான். தன் பெயரைச் சொன்னான்.

"நிஜமாவே வலிக்குது ரோம்னிக். டாக்டரைக் கூப்பிடு."

"போன வருஷம் பொம்மைக்குக் குரல் கொடுத்தப்பவும் இதையேதான் சொன்னீங்களாம் மேம். கூப்பிட ஓடினவரு ஃபெயிலாம். சொல்லுங்க, பத்துக்கு வலி எவ்வளவு?"

"பதினொண்ணு."

"பத்துக்குள்ள சொல்லுங்க மேம்."

அவனைக் குறை சொல்ல முடியாது. நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் கை கழுவுதல், பெயர் சொல்லுதல், வலி கேட்டல் என்ற வரிசை மாறக்கூடாது என்று விதி எழுதியவரே அவர்தான். ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போட்ட இளம் ஆசிரியை, "மேம் என்னமா நடிக்கிறாங்க" என்று வியந்தார்.

அடுத்து வந்த ஜெசாமின் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். பதற்றத்தில் கை கழுவ மறந்தாள், பெயர் சொல்ல மறந்தாள், நேராக மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கை ஜில்லுன்னு வேர்த்துக் கிடக்கே. இது நடிப்பில்ல, வழி விடுங்க."

கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது நல்லதாயிற்று. அப்படியே பக்கத்து மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

பெலிசிதாஸ் பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார ஆரம்பித்ததும் கல்லூரித் தலைவி மதிப்பெண் தாள்களோடு வந்தார். ரோம்னிக்குக்கு முழு மதிப்பெண். ஜெசாமின் ஃபெயில்.

"அந்தப் பொண்ணு ஃபெயில்னா நான் செத்திருக்கணும்" என்றார் பெலிசிதாஸ்.

"வாஸ்தவம்தான். ஆனா கை கழுவலையே."

தான் போட்ட விதியோடு தானே மல்லுக்கட்டி, அவளுக்கு மறுதேர்வு வாங்கிக் கொடுப்பதற்குள் அவருக்கு மறுபடி மூச்சு வாங்கிவிட்டது. ஜெசாமின் கை கழுவிவிட்டு வந்து தட்டுத்தடுமாறித் தேறினாள்.

கல்லூரி சும்மா இருக்குமா? குழு கூடி, விதிகளில் ஒன்றைச் சேர்த்தது: நோயாளிக்கு உண்மையிலேயே நோயா என்று உறுதிசெய்தல், இரண்டு மதிப்பெண்.

இப்போது ஒவ்வொரு மாணவரும் புது ரப்பர் பொம்மையின் பக்கம் குனிந்து, "நிஜமாவே வலிக்குதா?" என்று பணிவாகக் கேட்கிறார். பெலிசிதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு மதிப்பெண் போடுகிறார்.