தறிக்கட்டை உரசியது என்றேன்

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். வீட்டில் தறி நெய்தவள் என் மனைவி சரோஜா. மழைக்குப் பிறகு புதர் மண்டிக் கிடந்த தோப்பில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளவாக்கில் நீட்டிக் கட்டிவிட்டு வந்த சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

அந்த வாரம்தான் சுகாதாரத் துறையினர் எங்கள் நெசவாளர் தெருவில், புதரில் இருக்கும் உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் பற்றித் துண்டறிக்கை கொடுத்தார்கள். காய்ச்சலுடன் உடம்பில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய புண் இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவேண்டும் என்று அதில் இருந்தது. நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“இன்னாங்க, எனக்கும் இடுப்புல அப்படித்தான் ஒண்ணு இருக்குது,” என்றாள்.

நெய்த புடவையைச் சுற்றும் கட்டை இடுப்பில் உரசி, நெசவாளர்களுக்கு அங்கே தோல் கறுத்துக் காய்த்திருக்கும். அதனால் நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

“தறிக்கட்டை உரசினதும்மா. உண்ணி கடிக்க நீ இன்னா மாடா?” என்றேன். அவளும் சிரித்தாள்.

காய்ச்சல் மாத்திரையிலேயே நாட்களை ஓட்டினோம். மூச்சு வாங்கத் தொடங்கிய பின்தான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். புண்ணைப் பார்த்த மருத்துவர், “முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம் ஐயா,” என்றார். சரோஜா வீடு திரும்பவில்லை.

இப்போது தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய், உடம்பில் புண் இருக்கிறதா என்று கேட்கிறேன். “அது கட்டை உரசினது சார்,” என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

“இருக்கட்டும்பா, அதை டாக்டர் சொல்லட்டும்,” என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போகிறேன்.