மூன்று மில்லி விலகல்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் வேலை, பாட்டுக் கேட்பதில் பைத்தியம். யாருக்குமே தெரியாத ஒரு வெளிநாட்டு பேண்ட், அவர்களுடைய கிடைக்காத பாட்டுகளையெல்லாம் தேடித் தொகுத்து எப்போதோ போட்டிருக்கிறார்கள், கேளுங்கள் சித்தி என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை டீப்பாய் மேல் வைத்தான். ஒரு நிமிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். அதன் நடுவில் ஒரு மணி அடித்தது. நான் பாட்டுக்கு எழுந்து போய் அடுப்பில் டீக்குப் பால் வைத்துவிட்டேன்.

"என்ன சித்தி, பிடிக்கலையா?" என்றான். பிடிப்பதும் பிடிக்காததும் வேறு விஷயம். அந்த மணிக்கு எழுந்து டீக்குப் போன எண்பது பேரில் நானும் ஒருத்தி என்றால் அவன் நம்பவா போகிறான்? நீங்களாவது கேளுங்கள்.

அப்போது வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. ஊத்துக்குளியிலிருந்து காலை ரயிலில் திருப்பூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ். வெளிநாட்டுக்காரர் அனுப்பும் மெயிலைப் படித்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கம்பெனிக்குள் சொல்லி, சொன்னபடி செய்ய வைப்பதுதான் வேலை. எனக்கு இங்கிலீஷ் பாதி தெரியும், பனியன் பாதி தெரியும். இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று முதலாளி நம்பினார். ஆறு மாதம் பார்ப்பதாகவும், சரியாக வந்தால் நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் அப்பாவும் அதே ஆறு மாதம்தான் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை பார்க்கும் படலம்.

நான்காவது மாதம் வந்தது அந்த பேண்ட்காரர்களின் ஆர்டர். மூவாயிரம் டி-ஷர்ட். பாட்டுத் தொகுப்போடு சேர்த்து விற்பதற்காம். முன்பக்கத்தில் பன்னிரண்டு வட்டங்கள், பாட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சின்ன ரெக்கார்டுகள். கூடவே ஒரு சிடியும் அனுப்பியிருந்தார்கள். ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் பாட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று முதலாளி அதைத் தையல் ஹாலில் போடச் சொன்னார். காலையில் பக்திப் பாட்டும் மதியத்துக்கு மேல் சினிமாப் பாட்டும் ஓடுகிற ஸ்பீக்கர் அது. தகர டப்பா சத்தம் ஆரம்பித்ததுமே மெக்கானிக் யேசுதாசன் அண்ணாச்சி ஸ்பேனரோடு ஓடி வந்தார். தூத்துக்குடிக்காரர், மெஷின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். "எந்த மிஷின்ல பேரிங் போச்சுன்னு தெரியலியே, எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார். வரிசையாக நிறுத்தினார்கள். எல்லா மெஷினும் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. அண்ணாச்சி ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பாட்டுக்குள் மணி அடித்தது. டீ மணி என்று எண்பது பேரும் எழுந்து வெளியே போனோம். டீ வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முதலாளி சிடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, இதை உன் டிராயரில் வை என்றார்.

ஆனால் ஆபத்து சிடியில் இல்லை, வட்டத்தில் இருந்தது.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணன். தடித்த கண்ணாடி, பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். கோட்டுக்குள் கலர் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. பந்திக்குப் போனால் விரித்த வாழை இலை கோணலாக இருந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

அந்த பேண்ட்காரர்கள் வேண்டுமென்றே கலரை வட்டத்திலிருந்து இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். மெயிலிலும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? 'படத்தில் உள்ளபடி' என்று மட்டும் ஃபைலில் எழுதி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். பாதி இங்கிலீஷின் மீதிப் பாதி அன்றைக்குத்தான் என் கழுத்தைப் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கிறேன், அறுநூறு முன்பக்கத் துணி அடித்து முடித்து, ஹீட்டரில் காய்ந்து, அந்த மையின் சூடான வாசனையோடு அடுக்கியிருந்தது. அத்தனை வட்டத்துக்குள்ளும் கலர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என்ன அண்ணா இது என்றேன்.

"வெள்ளைக்காரன் படத்துல தப்புப் பண்ணிப் போட்டான் கண்ணு. ஞாயித்துக்கெழம லீவு போட்டுக்காம வந்து உக்காந்து எல்லாத்தையும் நேர் பண்ணிப் போட்டேன். அவிககிட்டச் சொல்லோணும்னெல்லாம் இல்லீங்க" என்றார் அண்ணன். செய்த உதவியை வெளியே சொல்லிக்கொள்ளாத மனிதர்.

நான் மெயிலை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். தப்பாக அடிப்பதற்குக் காசு கொடுத்து ஆள் வைப்பார்களா என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. கோணலாக அடிக்க முடியாது, வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்கேலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கப்பலுக்குப் பெட்டி அனுப்ப எட்டு நாள் இருந்தது. முதலாளிக்கு விஷயம் போனால் ஊத்துக்குளி ஸ்டேஷனில் உட்கார்ந்து போகிற ரயிலை எண்ண வேண்டியதுதான்.

பின்னாலேயே போனேன். இவ்வளவு பெரிய விஷயத்தில் பொய் எடுபடாது என்று உண்மையையே சொன்னேன்: தப்பு என்னுடையது, வேலை போய்விடும், வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். சொல்லும்போதே அழுதுவிட்டேன், அதுவும் வடை தின்றுகொண்டிருந்த பத்துப் பேர் முன்னால். அண்ணன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தன மில்லி தள்ளோணுங்க?" என்றார்.

மூன்று மில்லி. ஒத்துக்கொண்ட பிறகு அவர் செய்த அழிச்சாட்டியம் இருக்கிறதே! மூன்று என்றால் மூன்றுதான். ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். இரண்டரை மில்லி விலகியதையெல்லாம் எடுத்துத் தனியாக வீசினார். கோணல் போதவில்லை என்று துணியைத் தள்ளிவிட்ட மாஸ்டர் திருப்பூரிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எட்டாம் நாள் பெட்டிகள் லாரியில் ஏறின.

பதிலுக்குப் புதுத் துணி வெட்டக் கேட்டபோது, தன் கைத்தப்பு என்று அண்ணன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். நேராக அடித்த அந்த அறுநூறையும் முதலாளி தைத்து, பழுதுச் சரக்கு விற்கும் செகண்ட்ஸ் கடைக்குத் தள்ளிவிட்டார். கொஞ்ச நாள் ஊரெல்லாம் அந்த பேண்ட்தான். வீரபாண்டி பஸ்ஸில் கண்டக்டர் காக்கிச் சட்டைக்குள்ளே போட்டிருந்தார். நானும் ஒன்று வாங்கிப் போனேன்; இரண்டு வருடத்தில் சாயம் போனதும் அம்மா அதைக் கிழித்து வெண்ணெய் டின் துடைக்க வைத்துக்கொண்டாள்.

சரக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து ஒரு மெயில். முதல் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே ஒரு டி-ஷர்ட் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தார்கள். பிரிண்டிங் மேஜைக்கு ஓடினேன். அண்ணன் மறைக்கவே இல்லை.

"நமக்கு நேரா அடிக்கத் தெரியும்னு அங்க ஒருத்தருக்காச்சும் தெரியோணுமல்லங்க கண்ணு" என்றார்.

என்னிடம் இருந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிப் பதில் எழுதினேன்: உங்களைப் போலவே எங்கள் மாஸ்டரும் ஒரு பரிசோதனை செய்து பார்த்தார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: அதைப் பாடகர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாடகருக்கு அளவு சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

டீயைக் கொண்டுவந்து வைத்தபோது அக்கா மகன் போனில் ஒரு போட்டோ காட்டினான். அந்தப் பாடகராம், இப்போது எடுத்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. வெளுத்துப்போன ஒரு டி-ஷர்ட், பன்னிரண்டு வட்டம்.

"எல்லார்கிட்டயும் இருக்கறதுல கலர் விலகி இருக்கும் சித்தி. இது ஏதோ டூப்ளிகேட் போல. பாவம், அவரையே ஏமாத்தியிருக்காங்க."

எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். யேசுதாசன் அண்ணாச்சி ஊருக்கே திரும்பிவிட்டார். பழனிச்சாமி அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. இருந்திருந்தால் இந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போயிருப்பேன். நிச்சயம் பாக்கெட்டிலிருந்து ஸ்கேலைத்தான் முதலில் எடுத்திருப்பார். அவர் இல்லாததால் நானே இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பன்னிரண்டு வட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அரை மில்லிகூட விலகவில்லை.