அழிக்காமல் விட்ட பழைய பெட்டி

எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். யோசனை பின்னால் ஆற அமர வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி சொல்லும்போது அதற்கும் கோபப்படுவேன். இப்போது படுவதில்லை.

தென்காசியில் எங்களுடையது சின்ன அலுவலகம். குற்றாலத்து லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் பார்த்துக் கொடுக்கிறோம். எல்லாம் ஒரே சர்வரில், தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓடுகிறது. லாரியில் போகிற கண்டெய்னர் இல்லை. லாட்ஜையே நினைத்துக்கொள்ளுங்கள்: கட்டடம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, ஆனால் அறைக்கு அறை தனிப் பூட்டு, தனி நம்பர். அந்த நம்பர்தான் ஐபி முகவரி. அலுவலகத்தில் நாங்கள் பெட்டி என்போம்.

பக்கத்து ஊரான வடகரைக்காரன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். ஒன்பது வருஷம் துபாயில் நெட்வொர்க் வேலை பார்த்தவன். லீவுக்கு வந்தபோது மகள் அவனை அடையாளம் தெரியாமல் அழுதுவிட்டாளாம். அதோடு திரும்பிப் போக மனமில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தரமானால் ஊரிலேயே இருப்பான், இல்லையென்றால் மறுபடி விமானம். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் சேர்ந்த ஐந்தாம் மாதம், சீசன் உச்சத்தில் ஒரு சனிக்கிழமை. சாரலும் காற்றும், கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்தது. அதிலிருந்து புக்கிங் பெட்டி சரியாகப் பேசவில்லை. இரண்டு மாதம் முன்பு பழையதை நிறுத்திவிட்டு நான் புதிதாகப் போட்ட பெட்டி அது. இருக்கிறாயா என்று பத்து முறை பிங் கொடுத்தால் நாலுக்குப் பதில் வரும், ஆறு காணாமல் போகும். பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் லாட்ஜ் கவுண்டரில் ஈரத் துண்டோடு நின்றார்கள்.

அன்று போன் டூட்டி அவனுடையது; அலுவலகத்துக்கு வர வேண்டாம், கூப்பிட்டால் எடுத்தால் போதும். சீசனில் தென்காசி வட்டாரத்தில் வீடு இருந்தால் விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. அருவிக்குக் கூட்டிப் போகாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அவனும் சொந்தக்காரர்களோடு ஐந்தருவிக்குப் போயிருந்தான். போன் அவன் மனைவியின் பையில், பிளாஸ்டிக் கவருக்குள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டான். அதற்குள் நான் கொதித்துப்போயிருந்தேன். முந்தின நாள் அந்தப் பெட்டியின் நெட்வொர்க் செட்டிங்கில் அவன் ஒரு வரி மாற்றியிருந்ததும் என் கண்ணில் பட்டுவிட்டது.

"அந்த வரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல அண்ணாச்சி. பழைய பெட்டிய அழிச்சாச்சா?" என்று கேட்டான்.

"அத நிறுத்தி ரெண்டு மாசமாச்சுலே. அருவில நின்னுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கியா?"

போனை வைத்தேன். அவனுடைய வரியை எடுத்துவிட்டுப் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். சரியாகிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைதான் தள்ளியது என்று நான் அறிக்கை எழுதினேன். கேட்காமல் செட்டிங்கை மாற்றினான், டூட்டியில் போன் எடுக்கவில்லை என்று இரண்டே வரி. முதலாளி அவனை நிரந்தரம் செய்யவில்லை. சீசன் முடிவதற்குள் அவன் துபாய்க்குப் போய்விட்டான்.

அடுத்த சாரலில் கரண்ட் போய், சர்வர் மறுபடி அணைந்து எழுந்தது. மறுபடி அதே கோளாறு. இந்த முறை திட்டுவதற்கு ஆள் இல்லை. பெட்டிக்குள்ளேயே அரை நாள் குடைந்தேன். கேட்வே, டிஎன்எஸ், ஃபயர்வால் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில்தான் வெளியே வந்து, சர்வரில் என்னென்ன பெட்டி ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தேன். பழைய பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பிரதி எடுத்துத்தான் புதியதை உண்டாக்கியிருந்தேன். முகவரியைக்கூட மாற்றவில்லை. பழையதை நிறுத்தினேனே தவிர, சர்வர் எழும்போது தானாக எழும் செட்டிங்கை அணைக்கவில்லை. சர்வர் அணைந்து எழும்போதெல்லாம் ஒரே நம்பரில் இரண்டு அறை திறந்தது. எது முந்துகிறதோ அதற்குத் தபால் போனது. போன தடவை நான் அணைத்துப் போட்டபோது புதியது முந்தியிருக்கிறது, அவ்வளவுதான். பட்டியல் எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவன் கேட்ட அன்றே எடுத்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு என்பதால், கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"சரி அண்ணாச்சி. மக இப்பம் வீடியோல நல்லா பேசுதா," என்றான். பிறகு, "இப்பமாவது அதை அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேன்பா."

அது உண்மைதான். அறிக்கையைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாளியிடம் போய்ச் சொல்ல இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு வரியும் அவன் பெயரோடு ஃபைலில் இன்னும் அப்படியே இருக்கின்றன.