பின்னால் போகும் இலை

மதினி வரைந்த எருக்கஞ்செடிப் படம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு தண்டு, நான்கு ஜோடி இலைகள், அழித்து அழித்து மேல்பக்கம் பஞ்சாகிப்போன தாள். அதில் நம்மை நோக்கி நீண்டிருந்த ஓர் இலை, தொட்டால் கையில் தட்டுப்படும் போலிருந்தது. அந்தப் படத்தின் மேல் கொண்ட பொறாமையில்தான் அவள் வாழ்க்கையை நான் கெடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். மதினி தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் விளையும் ஊரிலிருந்து என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள்; என்னைவிட இரண்டே வயது மூத்தவள். ஓவிய ஆசிரியை வேலைக்கான அரசுத் தேர்வை எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதும், தானும் எழுதட்டுமா என்று கேட்டாள். அண்ணன் தடுக்கவில்லை. மத்தியானங்களில் வீட்டுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, அங்கே நின்ற எருக்கைப் பார்த்து இருவரும் வரைந்து பழகினோம்.

எருக்கில் ஒரு தொல்லை உண்டு. ஒரு ஜோடி இலை இடமும் வலமுமாக விரிந்தால் அடுத்த ஜோடி முன்னும் பின்னுமாக நிற்கும். நம் பக்கம் நீளும் இலை கண்ணுக்குக் குட்டையாகத்தான் தெரியும். ஆனால் அது நீளமான இலை என்று மனசுக்குத் தெரிந்திருப்பதால் கை அதை நீட்டி வரைந்துவிடும். எங்கள் இருவர் படங்களும் நோட்டுக்குள் வைத்து நசுக்கிய செடி மாதிரியே வந்தன.

ஒருநாள் மதினி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏளா, எந்த எல முன்னால நிக்குன்னு ஒனக்குப் பாத்த ஒடனே தெரியுதா?"

தெரிகிறது என்றேன். தனக்குத் தெரியவில்லை என்றாள். நாலு வயதில் வந்த காய்ச்சலில் இடது கண்ணில் பார்வை போய்விட்டதாம். பார்ப்பதற்கு அந்தக் கண்ணும் மற்றதைப் போலவேதான் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டார் அதைச் சொல்லவில்லை. அண்ணனுக்கும் தெரியாது. யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அதன்பிறகு அவள் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையை மெல்ல இடமும் வலமும் அசைப்பாள். கிட்டே இருக்கும் இலை அதிகம் நகரும், பின்னால் இருப்பது அவ்வளவாக நகராது. இலையின் வளைவை விரலால் தடவிப் பார்த்து, எங்கே வெயில் விழுகிறது, எங்கே மடிப்பு இருளுகிறது என்று குறித்துக்கொள்வாள். இரண்டு மாதத்தில் அவள் தாளில் செடி எழுந்து நின்றது. என்னுடையது படுத்தே கிடந்தது.

தேர்வு நெருங்கிய சமயம், அம்மா இரண்டு படங்களையும் கையில் வாங்கிப் பார்த்தாள். "அவ வரைஞ்சத பறிச்சிரலாம் போல இருக்கு. ஒன்னது கோலம் போட்ட மாரி இருக்கு" என்றாள். மதினி அடுக்களையில் இருந்தாள். எனக்கு என்ன வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

"ரெண்டு கண்ணு தெரியுத எனக்கு வரல, ஒத்தக் கண்ணு தெரியுதவளுக்கு வந்துட்டு" என்றேன்.

அம்மா படத்தைக் கீழே வைத்தாள். சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பேச்சு வளர்ந்தது. அண்ணன் படுக்கையைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டான். நான் பின்னால் மணலில் போய் எருக்கை வரைந்துகொண்டிருந்தேன். நாலாம் நாள் மதினியின் அப்பா வந்து, தலை குனிந்தபடி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் பேருக்குத் தேர்வுச் சீட்டு வந்தபோது அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வீட்டில் யாரும் முன்வரவில்லை, எனக்கும் தைரியமில்லை. நான் தேர்வு எழுதினேன், தேறினேன். அண்ணனுக்கு ஆறுமுகநேரியில் வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் ஊருக்குப் போனேன். மெலிந்திருந்தாள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். தான் இப்போது வரைவதில்லை என்றாள். யார் சொல்லி விஷயம் வெளியே வந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேர்வில் தேறிவிட்டாயா என்றுதான் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

மதினி வருத்தப்பட்டாள். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, தரையில் விரலால் ஓர் இலையை வரைந்தாள்.

"நீ பின்னால போற எலையயும் முன்னால நிக்கத மாரியே அழுத்திப் போடுத. அதுதான் ஒன் தப்பு. பின்னால போறத லேசா விட்ரணும்ளா. விடாம இன்னொரு தரம் எழுது, ஒனக்கு வரும்."

சரி மதினி என்றேன்.